பெற்றவள் கேட்ட தண்ணீர்

1

என் பெண் சாரதாவுக்குக் குழந்தை பிறந்து நாற்பது நாள் நிறைந்தது என்று போன வாரம் இங்கே கோலாலம்பூரில் பாயசம் வைத்தோம். எல்லோரும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்கள். எனக்கு ஒரு கரண்டிக்கு மேல் இறங்கவில்லை. மயிலாப்பூரில் பிள்ளை பெற்ற பத்து நாளுக்குள் போய்விட்ட என் அக்கா செல்லத்தின் திதியும் அதே வாரத்தில்தான் வந்தது. குழந்தையைக் கொஞ்சிக்கொண்டிருக்கும்போதே அக்காவின் ஞாபகம் வந்துவிடுகிறது.

நான் சுபாவத்திலேயே பயந்தவள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பதை என் வீட்டுக்காரர் எனக்காகவே மனப்பாடம் பண்ணி வைத்திருக்கிறார். சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறியபோது படுக்கை, பாத்திர மூட்டை, ஊறுகாய் ஜாடி எல்லாவற்றுக்கும் சீட்டு ஒட்டினார்கள். என் பயத்துக்கு யாரும் சீட்டு ஒட்டவில்லை. ஆனாலும் அது ஒன்றுதான் உடையாமல் சிந்தாமல் வந்து சேர்ந்தது. இந்த ஊருக்கு வந்து பாம்புக்குப் பயந்தேன், தினமும் மத்தியானம் கொட்டுகிற மழைக்குப் பயந்தேன், என் பெண் வாயில் தமிழ் குறைந்து மலாய் கூடுவதைப் பார்த்துப் பயந்தேன். இந்த வருஷம் ஒரு சொம்புத் தண்ணீருக்குப் பயந்தேன். அதைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

இந்தப் பத்திரிகைக்கு நான் மாசா மாசம் எழுதுவதை ஊரில் என் அம்மாவுக்கு ராஜம் படித்துக் காட்டுகிறாள். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. தம்பி மாம்பலத்தில் வீடு கட்டி அம்மாவை அங்கே அழைத்துப் போய்விட்டான். ஏரியைத் தூர்த்து மனை போட்டு, தியாகராய நகர் என்று கௌரவமாகப் பெயரும் வைத்திருக்கிறார்கள். அம்மா மட்டும் இன்னும் "ஏரிக்குள்ள குடியிருக்கோம்" என்றுதான் சொல்கிறாளாம். ராஜம் அடுத்த வீட்டு மாட்டுப்பெண். பத்திரிகை வந்ததும் கை வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவாளாம். அம்மா ஊஞ்சலில் உட்கார்ந்து, ஒரு வரி விடாமல் கேட்பாளாம்.

2

உடம்பு கேட்பதைச் சாப்பிட்டால் போதும், அதற்குத் தெரியாததா நமக்குத் தெரியும் என்று சிலர் சொல்கிறார்கள். நம் வீடுகளில் ஒரு பெண்ணின் உடம்பு சொல்வதற்கு மதிப்பு உண்டா என்று என்னைக் கேட்டால், உண்டு என்பேன். ஆனால் வயிற்றில் பிள்ளை இருக்கும் வரைக்கும்தான். மசக்கை வந்துவிட்டால் அவள் வாய் கேட்பது சர்க்கார் உத்தரவு மாதிரி. கொடுக்காவிட்டால் பிறக்கிற குழந்தைக்குக் காதில் சீழ் வடியும் என்று எல்லோருக்கும் பயம்.

செல்லம் அக்கா மசக்கையில் விளாம்பழம் கேட்டாள். பங்குனி வெயில், பழம் கிடைக்கிற காலம் முடிந்துவிட்டது. அடையாற்றில் ஒரு பங்களாத் தோட்டத்து மரத்தில் இன்னும் நாலு காய் தொங்குகிறது என்று யாரோ சொல்ல, அப்பா ஜட்கா பேசிக்கொண்டு கிளம்பினார். வாசலில் நின்று நான் கேட்டுக்கொண்டிருந்தேன். வண்டிக்காரன், "இன்னா சாமி, ஒரு விளாங்காய்க்கா இம்மாந்தூரம்?" என்று முனகினான். பிள்ளைத்தாய்ச்சி கேட்டாள் என்று அப்பா சொன்னதும் அவன் முகமே மாறிவிட்டது. "அத்த மொதல்ல சொல்லக்கூடாதா" என்று குதிரையைத் தட்டிவிட்டான்.

அக்கா அடுப்புச் சாம்பலையும் ஒளித்து ஒளித்துத் தின்றாள். ஒரு நாள் அம்மா கையும் களவுமாகப் பிடித்துவிட்டாள். பிடித்துச் சிரித்தாள். "வயத்துல இருக்கறது கேக்கறது. வேண்டாங்கறதுக்கு நாம யாரு?" என்றாள். இந்த வார்த்தையை நீங்கள் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சாரதாவின் மசக்கைக்கு வருவோம். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவள் என்னத்தைக் கேட்பாள்? டுரியான் கேட்டாள். முள்ளு முள்ளாக ஒரு பழம். வாசலில் வைத்தால் கொல்லை வரைக்கும் நாறும். அதில் ஏறுகிற சூட்டுக்குக் கர்ப்பம் தங்காது என்று அடுத்த வீட்டு மலாய்க்காரியே கண்ணை உருட்டினாள். வேறு ஏதாவது கேளேண்டி, புளியங்காய் கேள், மாவடு கேள் என்று கெஞ்சிப் பார்த்தேன். அதுதான் வேண்டும் என்று அழுதாள். கொடுத்தால் கர்ப்பத்துக்குப் பயம், கொடுக்காவிட்டால் காதுக்குப் பயம். கடைசியில் காது ஜெயித்தது. கொல்லைப்புறத்தில் உட்கார வைத்து, மூக்கைப் பொத்திக்கொண்டு இரண்டு சுளை கொடுத்தேன். அன்று முழுவதும் அவள் இருமினால் ஓடினேன், தும்மினால் ஓடினேன். ஒன்றும் ஆகவில்லை.

3

பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். வீட்டில் வைத்துப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. மறுநாள் காலையில் பார்க்கப் போனால் வாசலிலேயே ஒரு குமாஸ்தா. பெயர் கேட்டார். சாரதா என்றேன். பெரிய பதிவுப் புஸ்தகத்தில் மேலிருந்து கீழே விரலை ஓட்டினார். மறுபடியும் ஓட்டினார். "சாரதா இல்லை" என்றார்.

இல்லை என்றால் எந்த இல்லை? அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டேன். பிறகுதான் தெரிந்தது, இங்கே கல்யாணமானவளுக்குச் சொந்தப் பெயர் கிடையாதாம். மாப்பிள்ளை பெயருக்கு முன்னால் மிஸஸ் போட்டு எழுதியிருந்தார்கள். மாப்பிள்ளை பெயரைச் சொல்லிக் கேட்டதும், பெண் குழந்தை, தாயும் சேயும் சௌக்கியம் என்று குமாஸ்தா சிரித்துக்கொண்டே உள்ளே விட்டார். அவருக்குச் சிரிப்பு, எனக்கு அரைப் பிராணன் போய் வந்தது.

உள்ளே போய் மீதி அரைப் பிராணனும் போயிற்று. சாரதாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் கண்ணாடி ஜாடி நிறையத் தண்ணீர் வைத்திருக்கிறார்கள். நிறைய என்று சொல்வது தப்பு. பாதிக்கு மேல் காலி. பிள்ளை பெற்று ஒரு நாள் ஆகவில்லை, அதற்குள் பச்சைத் தண்ணீர் அவ்வளவையும் குடித்திருக்கிறாள்.

அந்த வார்டில் ஒரு நர்ஸ் இருந்தாள். யாழ்ப்பாணத்துப் பெண், எல்லோரும் மிஸ்ஸி என்று கூப்பிடுவார்கள். அவளைத் தனியாக அழைத்து, எங்கள் பக்கத்தில் பத்து நாளைக்குத் தண்ணீர் காட்ட மாட்டோம், நீங்கள் இப்படிச் செய்துவிட்டீர்களே என்றேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை.

"தாகமெண்டால் குடிக்கத்தானே வேணும், அம்மா. உடம்பு கேக்குது. தண்ணி குடுக்காமல் விட்டால் பிள்ளைக்குப் பால் எங்கயிருந்து வரும்?"

உடம்பு கேட்பதையெல்லாம் கொடுப்பதென்றால் என் வீட்டுக்காரருக்கு என்ன கொடுப்பது என்று கேட்டேன். அவருக்கு இரண்டு வருஷமாகச் சர்க்கரை வியாதி. ஒரு ஜாங்கிரி தின்னாவிட்டால் உயிர் போய்விடும் போல அவர் உடம்பு கேட்கிறது. தின்றால்தான் உயிர் போகும் என்கிறார் டாக்டர். அது நோய் கேட்பது, இது உடம்பு கேட்பது என்றாள் மிஸ்ஸி. இரண்டும் ஒரே வாயால்தானே கேட்கின்றன, எது எது என்று எப்படித் தெரியும் என்றேன். சந்தேகம் வந்தால் டாக்டரைக் கேட்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வேறு கட்டிலுக்குப் போய்விட்டாள்.

அவளுக்குச் சாரதா நூறு பேரில் ஒருத்தி. எனக்கு இவள் ஒருத்திதான்.

4

செல்லம் அக்கா பிரசவித்தபோது எனக்குப் பாவாடை கட்டுகிற வயது. மயிலாப்பூர்க் குளத்துக்கு வெகு சமீபத்தில் எங்கள் வீடு. குளத்தில் குளிக்கிறவர்கள் தண்ணீரை வாரி அடிக்கிற சப்தம் அக்கா படுத்திருந்த கொல்லை அறை வரைக்கும் கேட்கும். தீட்டு என்று என்னை அந்த அறைக்குள் விடவில்லை. முற்றத்தில் தனியாகக் கல் வைத்து ஆடிக்கொண்டு, அவள் கேட்பதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

"அம்மா, ஜலம்" என்பாள். மறுபடியும், "அம்மா, ஒரு வாய் ஜலம்."

விளாம்பழத்துக்கு அடையாறு வரை வண்டி ஓடிய வீடு அது. அதே வாய்தான், அதே உடம்புதான். குழந்தை வெளியே வந்த நிமிஷத்திலிருந்து அந்த உடம்பு சொல்வது ஒன்றும் செல்லுபடி ஆகவில்லை. காய்ச்சிச் சுண்டவைத்த வெந்நீரைக் குழந்தைக்குப் பால் புகட்டுகிற பாலாடையில் ஊற்றி, அதில் ஒன்று காலையில், ஒன்று சாயங்காலம் கொடுத்தார்கள். அக்கா அழுததைப் பார்த்து அம்மா ஒரு தடவை தடுமாறினாள். மருத்துவச்சி விடவில்லை.

"அழுதா இன்னாம்மா, அழுவட்டும். ஒரு சொட்டு பச்சத்தண்ணி உள்ள போச்சுன்னா ஜன்னிதான். அப்பால என்னக் கேக்காத."

அம்மா பயந்துவிட்டாள். என் பயமெல்லாம் அவளிடமிருந்து வந்ததுதான். சொம்பையும் குடத்தையும் அந்த அறைப் பக்கத்திலிருந்தே எடுத்துவிட்டாள்.

பிறகு சுரம் வந்தது. சுரத்தில் பிதற்றினாள், அப்போதும் ஜலம்தான் கேட்டாள். பத்து நாள் தாங்கவில்லை. பின்னாலேயே குழந்தையும் போய்விட்டது. எல்லாம் முடிந்த பிறகு யாரோ பார்த்துச் சொன்னார்கள், கை அலம்ப வைத்திருந்த பாத்திரத்தில் ஜலம் குறைந்திருக்கிறது என்று. அவ்வளவுதான். அவளே எடுத்துக் குடித்துவிட்டாள், அதனால்தான் ஜன்னி கண்டது என்று தெருவே தீர்மானம் பண்ணிவிட்டது. அதற்கப்புறம் எங்கள் தெருவில் பிள்ளை பெற்ற எவளாவது தண்ணீர் கேட்டால், "செல்லத்தை நினைச்சுக்கோ" என்று சொல்லிப் படுக்க வைப்பார்கள். என் அக்காவின் பெயரைத் தண்ணீருக்குக் காவல் வைத்துவிட்டார்கள்.

5

சாரதாவை வீட்டுக்கு அழைத்து வந்தாயிற்று. இனிமேல் மிஸ்ஸி இல்லை, நான்தான்.

ரஜாவில் ஊருக்குப் போய்த் திரும்பிய ஒரு சிநேகிதரிடம் அம்மா பிரசவ லேகியமும் பத்தியச் சாதத்துக்கு அங்காயப் பொடியும் கொடுத்தனுப்பியிருந்தாள். லேகியம் எங்கள் கைக்கு வருவதற்குள் ஒரு கூத்து நடந்தது. கன்னங்கரேலென்று பிசுபிசுப்பாக இருப்பதைப் பார்த்துத் துறைமுகத்தில் அபின் என்று பிடித்துக்கொண்டார்கள். கத்தியால் கிண்டி, முகர்ந்து, பெரிய அதிகாரியைக் கூப்பிட்டு, அவரும் முகர்ந்தார். இது பிள்ளை பெற்றவளுக்கு மருந்து என்று சிநேகிதர் எவ்வளவு சொல்லியும் நம்பவில்லை. கடைசியில் அவரே ஓர் உருண்டை வாயில் போட்டு முழுங்கிக் காட்டினாராம். ஆண்பிள்ளை பிரசவ லேகியம் தின்றது எங்கள் கூட்டத்தில் இன்னும் சிரிப்பாகச் சிரிக்கிறது.

லேகியத்தோடு அம்மா ஒரு வார்த்தையும் சொல்லி அனுப்பியிருந்தாள். "ஜலத்தைக் கண்ணுல காட்டாதே. செல்லத்தை நினைச்சுக்கோ." சொந்தப் பெண்ணின் பெயரை அவளே அப்படிச் சொல்லி அனுப்பியிருக்கிறாள்.

நினைத்துக்கொண்டேன். வீட்டில் இருந்த தண்ணீர் ஜாடியைத் தூக்கி அலமாரி மேல் வைத்தேன். மிளகு ரசம், சுட்ட சுண்டைக்காய் வற்றல், நெய் விட்டுப் பிசைந்த அங்காயப் பொடிச் சாதம், காலையில் லேகியம். எல்லாம் சூடு, எல்லாம் காரம். குடிக்கச் சுண்டவைத்த வெந்நீர் கொஞ்சம். சாரதா தண்ணீர் கேட்டாள். நர்ஸ் கொடுக்கச் சொன்னாளே என்றாள். இது ஆஸ்பத்திரி இல்லை, பொறுத்துக்கோ கண்ணே என்றேன். மாப்பிள்ளை ஏதோ சொல்ல வாயெடுத்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். என் வீட்டுக்காரர், தமக்கு மறுக்கப்பட்ட ஜாங்கிரியை நினைத்தோ என்னவோ, "கேக்கறதைக் கொடுத்துத் தொலையேன்" என்றார். உங்களுக்குக் கொடுத்துத்தான் டாக்டர் வீட்டுக்கு நடக்கிறோம் என்று வாயை அடைத்துவிட்டேன்.

குழந்தைக்குப் பால் சரியாக இறங்கவில்லை. அது கத்திற்று. சாரதாவின் உதடு வெடித்து வெள்ளை பூத்தது. ஒரு நாள் மத்தியானம், வெளியே மழை கொட்டுகிறது, அவள் கண்ணை மூடிக்கொண்டே என்னவோ முனகினாள். கிட்டப் போய்க் கேட்டேன். "ஆயர்... ஆயர்" என்றாள். மலாயில் தண்ணீருக்கு அந்தப் பேர். சின்ன வயசில் அவளைப் பார்த்துக்கொண்ட மலாய் ஆயாவிடம் கற்றுக்கொண்ட முதல் வார்த்தை. தண்ணீர் என்று சொல்லு, தமிழில் சொன்னால்தான் கொடுப்பேன் என்று அப்போது அவளை எத்தனை நாள் மிரட்டியிருக்கிறேன்.

கூரையில் தண்ணீர் ஓடுகிறது, தாழ்வாரத்தில் தண்ணீர் ஓடுகிறது, என் பெண் நாக்கு வறண்டு கிடக்கிறாள். முற்றத்தில் கல் வைத்து ஆடிக்கொண்டு கேட்ட அதே குரல். பாஷைதான் வேறு. தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறு என்று நம்மவர்கள் சொல்வது பங்கு பிரிக்கிற சமாசாரத்துக்கு. எனக்கு அன்று அது வேறு விதமாக உறைத்தது. அவள் வாய் என் வாய் இல்லை. அது எப்படிக் காய்கிறது என்று எனக்குத் தெரியாது. தெரியாத விஷயத்தில் நான் அதிகாரம் பண்ணிக்கொண்டிருக்கிறேன்.

அலமாரி மேலிருந்த ஜாடியின் பச்சைத் தண்ணீரை எடுக்கவில்லை. ஊரிலிருந்து கொண்டுவந்த வெள்ளிச் சொம்பில், காய்ச்சி ஆற வைத்திருந்த தண்ணீரை நிரப்பினேன். தூக்கி ஊற்றிக் குடிக்க அவளுக்குத் தெம்பில்லை. எச்சில் பார்க்காமல் உதட்டிலேயே வைத்துப் பிடித்துக்கொண்டேன். மூச்சு விடாமல் குடித்தாள். இன்னும் வேண்டும் என்றாள். கொடுத்தேன்.

மறுநாள் காலையில் அவளுக்குச் சுரம்.

அந்தப் பகலை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. தொட்டால் நெருப்பாகக் கொதிக்கிறாள். நான் என் கையாலேயே கொடுத்தேனே, அம்மா அத்தனை தூரம் சொல்லி அனுப்பினாளே என்று சுவாமி அலமாரிக்கு முன்னால் விழுந்து கிடந்தேன். மாப்பிள்ளை ஓடிப்போய் மிஸ்ஸியை அழைத்து வந்தார். அவள் பார்த்தாள். மார் கல்லாகக் கட்டிக்கொண்டிருக்கிறது, பால் சுரம், வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக் குழந்தையை விடாமல் குடிக்க வையுங்கள், டாக்டரையும் வரச் சொல்லுகிறேன் என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் கொடுத்துவிட்டேன், அதனால்தானே என்று கேட்டேன்.

"இல்லை அம்மா. சுரம் வேற, தண்ணி வேற. இன்னும் குடுங்கோ."

இன்னும் கொடுக்க வேண்டுமாம். சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றேன். ஒரு பக்கம் அம்மா சொன்ன வார்த்தை, ஒரு பக்கம் இவள். உள்ளே என் பெண் கையை நீட்டிக்கொண்டிருந்தாள். போய்க் கொடுத்தேன். இது கடைசித் தண்ணீராக இருக்கக் கூடாதே என்று ஒவ்வொரு மிடறுக்கும் வேண்டிக்கொண்டே கொடுத்தேன்.

அடுத்த நாள் சாயங்காலம் வேர்த்து விட்டது. சுரம் இறங்கிற்று. குழந்தை வயிறு நிறையக் குடித்துவிட்டுத் தூங்கிற்று.

6

சாரதா பிழைத்துவிட்டாள். என் பயம் அத்தோடு தீர்ந்திருக்க வேண்டும். தீரவில்லை. அது இங்கிருந்து கிளம்பி மயிலாப்பூருக்குப் போய்விட்டது.

இவள் குடித்துப் பிழைத்தாள் என்றால் அக்கா குடித்தா செத்தாள்? குடித்தாளோ இல்லையோ, யார் கண்டது? ஒருத்தி பிழைத்ததனால் பெரியவர்கள் வைத்ததெல்லாம் பொய்யாகிவிடாது, அது எனக்குத் தெரியும். உடம்பு கேட்பதெல்லாம் வேதம் என்றும் நான் சொல்ல மாட்டேன். போன வாரம்கூட என் வீட்டுக்காரர் பாயசத்துக்கு டம்ளரை நீட்டினார், பிடுங்கிக்கொண்டேன். உடம்பு பொய் சொல்லும். ஆனால் பொய் சொல்கிறது என்று தீர்ப்புச் சொல்வதற்கு முன்னால் அது சொல்வதைக் கேட்கவாவது வேண்டும். அக்கா சொன்னதை யாரும் கேட்கவில்லை. போகிற உயிர் எப்படியும் போவதாகவே இருந்தாலும், தொண்டை நனைந்து போயிருக்கலாம். இதை எழுதும்போது எனக்குத் தாங்கவில்லை.

சில வருஷங்களுக்கு முன்பு தம்பி கல்யாணத்துக்கு நாங்கள் ஊருக்கு வந்திருந்தபோது, கல்யாணத்துக்கு முன்னால் மாம்பலத்து வீட்டில் சுமங்கலிப் பிரார்த்தனை நடந்தது. சுமங்கலியாகப் போன வீட்டுப் பெண்களை வரித்து, புதுப் புடவை வைத்து, இலை போட்டுப் பரிமாறுவது நம் வழக்கம் அல்லவா? அக்காவை நினைத்துப் போட்ட இலைக்குப் பக்கத்தில் அம்மா ஒரு பெரிய சொம்பு நிறைய ஜலம் கொண்டுவந்து வைத்தாள். பானகமும் நீர்மோரும் இருக்கும்போது இது வேறு எதற்கு என்று யாரோ கேட்டார்கள். அம்மா வெயிலில் ஜலம் சுட்டுவிடும் என்று நடுவில் எழுந்து போய், கொட்டிவிட்டுக் குளிர்ந்த ஜலம் மாற்றி வைத்தாள். எல்லாம் ஆன பிறகு கொல்லைப்புறத்தில் அவளைத் தனியாகப் பார்த்துக் கேட்டேன்.

"அவளுக்குத் தாகம் ஜாஸ்திடி" என்றாள்.

அன்று எனக்கு அது புரியவில்லை. இப்போது புரிந்து என்ன செய்ய? அம்மாவுக்கு வயசாகிவிட்டது. அக்கா திருட்டுத்தனமாகக் குடித்துத்தான் போனாள் என்ற ஒரு நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டு இத்தனை வருஷம் ஓட்டிவிட்டாள். அது பொய் என்று அவளுக்கே தெரியுமோ என்னவோ. தெரிந்திருந்தாலும், என் வாயால் தெரிய வேண்டாம்.

ராஜம், பத்திரிகை வந்ததும் நீதான் முதலில் பிரிப்பாய். அம்மா ஊஞ்சலில் உட்கார்ந்து, இந்த மாசம் அவள் என்ன எழுதியிருக்கிறாள் என்று கேட்பாள். ஒன்றும் எழுதவில்லை, குழந்தையோடு பொழுது சரியாக இருக்கிறதாம் என்று சொல்லிவிடு. சாரதா பத்தியமெல்லாம் ஒழுங்காக இருந்தாளா என்றும் கேட்பாள். இருந்தாளாம், ஒரு சொட்டு ஜலம் தொடவில்லையாம் என்று சொல்லு.